எஸ்தர் அம்மையார் எழுதிய தாளின் பின்பக்கம்

கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பேரனின் பள்ளிச் சான்றிதழை நகலெடுக்க நின்றிருந்தேன். பால்ராஜிடமிருந்து போன் வந்தது. அவர் எஸ்தர் அம்மையாரின் தம்பி.

"அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே. காலைல டீ குடிச்சிட்டு என்னமோ எழுதிக்கினு இருந்தாங்க. பால் பாக்கெட் வாங்கினு வர்றதுக்குள்ள அப்படியே மேஜை மேல சாஞ்சிட்டாங்க. பேனா கையிலயே இருக்குதுண்ணே."

கடைக்காரர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கமா சார், ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார். நாளொன்றுக்கு நூறு பேரிடம் அவர் கேட்கிற கேள்விதான். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கும் அம்மையாருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் உயிரோடு இருந்தவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லப்போகிறேன். இரங்கல் கட்டுரையில் எழுதுகிறவன் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், இதில் வேறு வழியில்லை.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எஸ்தர் தேன்மொழி வேதியியல் படித்தவர். மாகறல் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். படித்து முடித்து, வடக்கே ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தம்பியோடு இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் வேலையை விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க நாங்க அளந்து குடுப்போம். எது வெளிய வரணும்னு இன்னொருத்தர் முடிவு பண்ணுவாரு," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் அப்போது எங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளன். விவசாயக் குடும்பத்துப் பையன், கட்சிக்குப் போஸ்டர் ஒட்டி, பிறகு மனு வாங்கி, கடைசியில் எம்.பி.க்கு உரை எழுதிக் கொடுக்கும் இடத்துக்கு வந்தவன். ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்குள் வெள்ளைப் புடவையும் தோளில் துணிப்பையுமாக ஓர் அம்மாள் வந்து, யாருடைய சிபாரிசும் சொல்லாமல் நேராக என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"உங்க எம்.பி. சபையில ஒரு கேள்வி கேட்டிருக்காரே, குடிதண்ணி திட்டம் பாதுகாப்பானதான்னு. அந்தக் கேள்விய எழுதினது யாரு?"

நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"திட்டத்தை நடத்துற துறைகிட்டயே போயி உங்க திட்டம் நல்லா இருக்குதான்னு கேட்டிருக்கீங்க. மாமியார்கிட்ட போயி உங்க சாம்பார் நல்லா இருக்குதான்னு கேக்குறாப்ல. நல்லா இல்லன்னு சொல்லிடுவாங்களா?"

அலுவலகத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுவாரமே அவர் வீட்டு மாடிப்படி ஏறினேன், ஏனென்றால் எம்.பி.க்கு அடுத்த கூட்டத்தொடரில் பேச ஏதாவது வேண்டியிருந்தது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஒன்றுமே தெரியவில்லை என்று நான் சொல்வது அடக்கத்துக்காக இல்லை. மரபணு மாற்றிய விதை, அணு உலை, முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று எத்தனையோ சட்டங்களும் விவாதங்களும் அவைக்கு வருகின்றன. கை தூக்குகிற உறுப்பினர் இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்? துறை கொடுக்கும் பதில் ஒரு பக்கம் வரும். கம்பெனிக்காரர்கள் வழவழப்பான தாளில் அச்சடித்துத் தரும் புத்தகம் ஒரு பக்கம் வரும். மிச்சத்தை வாட்ஸப் பார்த்துக்கொள்ளும். நாடாளுமன்ற நூலகத்தில் ஆராய்ச்சிப் பிரிவு உண்டு, நல்ல மனிதர்கள், கேட்டால் கட்டு கட்டாகக் காகிதம் தேடித் தருவார்கள். அந்தக் கட்டில் எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று சொல்வது அவர்களுடைய வேலை இல்லை. நிலைக்குழுக்கள் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும்போதும் பாதி நேரம் அதே துறை அதிகாரிகள்தான் வந்து உட்காருவார்கள்.

சில நாடுகளில் நாடாளுமன்றத்துக்கென்றே விஞ்ஞானம் தெரிந்த ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது என்பதை அம்மையார் சொல்லித்தான் அறிந்தேன். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் அது பொது. அமைச்சர் அதற்கு உத்தரவு போட முடியாது. ஒரு பெரிய நாட்டில் அப்படி இருந்ததை வீண் செலவு என்று மூடிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சொந்த வீட்டில் இழவு விழுந்ததுபோல அவர் முகம் ஆகிவிடும். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்னால் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவார். பெற்றுக்கொண்டோம் என்று சிலரிடமிருந்து பதில் வரும். அந்தப் பதில்களையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

அலுவலகம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அந்த வேலையை அவரே செய்யத் தொடங்கினார். எங்கள் எம்.பி.க்கு மட்டுமில்லை, எதிர்க்கட்சிக்காரர் கேட்டாலும் அதே தாள்தான். அதில் எனக்கு முதலில் வருத்தம் இருந்தது. "அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு எழுத நான் என்ன ஜோசியக்காரியா?" என்றார். கைம்மாறாக ஒன்றும் வாங்க மாட்டார். தீபாவளிக்குக் கொண்டுபோன ஸ்வீட் பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பியவர்.

அவர் எழுதும் முறை இதுதான். எந்த விஷயமானாலும் ஒரே தாள். முன்பக்கத்தில் தலைப்பு "தெரிந்தவை". பின்பக்கத்தில் "தெரியாதவை". முன்பக்கம் எழுத அவருக்கு ஒருநாள் ஆகும் என்றால் பின்பக்கம் எழுத மூன்று நாள் ஆகும். இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று ஒருபோதும் எழுத மாட்டார். முடிவெடுக்க மக்கள் ஓட்டுப் போட்டது எனக்கில்லை, உங்கள் எம்.பி.க்குத்தான் என்பார். எம்.பி.க்கு முன்பக்கம் பிடிக்கும். பின்பக்கத்தைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார். "இன்னாய்யா ரத்தினம், டாக்டரம்மாவுக்கே தெரியலன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் எரிந்து விழுவார். ஆனாலும் சில ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது. அவையில் எங்கள் ஆள் கேட்ட துணைக் கேள்விக்கு ஓர் அமைச்சர் பதில் சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்ததைப் பார்வையாளர் மாடத்திலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி டெல்லியிலிருந்து போன் போட்டுச் சொன்னபோது அம்மையார் குழந்தைபோலச் சிரித்தார்.

பிறகு அந்த இயந்திரம் வந்தது.

பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் எங்கள் பக்கத்தில் பழைய தலைவலி. ஒரு கம்பெனிக்காரர்கள் கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்து, எம்.பி.யையும் பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டார்கள். தங்கள் சுத்திகரிப்பு இயந்திரத்தில் அரக்குச் சிவப்புச் சாயத் தண்ணீரை ஒரு வாளி ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் பளிங்குபோலத் தண்ணீர் வந்தது. மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். எம்.பி.க்கு உற்சாகம் தாங்கவில்லை. நாடு முழுக்க எல்லாச் சாயப்பட்டறைகளுக்கும் இதை வைக்க வேண்டும் என்று அந்த வாரமே அவையில் பேசுவதென்று முடிவாகிவிட்டது. அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

அம்மையாரிடம் குறிப்புக் கேட்டேன். அவசரம் என்றதால் இரண்டே நாளில் எழுதி, இரண்டு பக்கத்தையும் படமெடுத்து டெல்லிக்கு அனுப்பினார். முன்பக்கத்தில், நிறம் போகிறது, குறைந்த இடத்தில் வைக்கலாம், இயக்குவது எளிது என்று எம்.பி. விரும்பிய எல்லாமே இருந்தது. பின்பக்கத்தில் நான்கு குறிப்புகளும், அவற்றின் கீழே அவர் அதுவரை எழுதியே இராத ஒரு வேண்டுகோளும் இருந்தன.

எம்.பி. குளித்துவிட்டு வந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "ஒரே பக்கமா குடுய்யா. மூணு நிமிஷத்துல நான் என்ன ராமாயணமா படிக்கப்போறேன்?" என்றார். நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன், பார்த்தேன். இதைக் கொடுத்தால் மனிதர் பேசாமலே விட்டுவிடுவார், கம்பெனிக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. இரண்டு படத்தையும் நானே தனித்தனித் தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன்; அதில் முன்பக்கத்தை மட்டும் கொடுத்தேன். பின்பக்கத்தை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எம்.பி. அன்று அருமையாகப் பேசினார். "நல்ல தண்ணீர்" என்று மூன்று முறை சொன்னார். மேஜைகளைத் தட்டினார்கள்.

மாலையில் அம்மையார் கூப்பிட்டார். "பேச்சக் கேட்டேன் ரத்தினம். பின்பக்கம் எங்க?"

ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. அவ்வளவு சரளமாகப் பொய் வந்தது. "ஜெராக்ஸ்ல பின்பக்கம் விட்டுப்போச்சு மேடம். பையன் ஒரு பக்கம்தான் எடுத்திருக்கான். நான் கவனிக்கல."

அவர், "சரிப்பா, உன்மேல தப்பில்ல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டார். தெரியாதவை முன்பக்கத்துக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் "பின்பக்கம் பார்க்க" என்று எழுதுவார். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் முள் தைக்கும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இயந்திரங்கள் வந்தன. வேகவதி ஆற்றோரத்து ஊர் ஒன்றின் கால்வாயில் அந்தத் தண்ணீரை விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஒரு வருடம் போயிருக்கும், அம்மையார் என்னையும் அங்கே அழைத்துப்போனார். கால்வாய்ப் படியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னல்லாம் இங்க குளிப்பீங்களாம்மா?" என்று அம்மையார் ஒரு பெண்ணைக் கேட்டார். அவர் பெயர் மல்லிகா.

"ஐய, செவப்பா நீலமா ஓடும், மாடுகூட வாய வெக்காது. நாங்க கிட்டயே வரமாட்டோம். இப்ப பாரு, கண்ணாடி கணக்கா இருக்குது. எம்.பி.யே நல்ல தண்ணின்னு டில்லியில சொன்னாராமே, போன்ல காமிச்சாங்கோ. அதுலருந்து இதுலதாம்மா எல்லாம்."

சொல்லிக்கொண்டே தன் முன்னங்கையைச் சொறிந்தார். தோல் தடித்துக் கன்றிப்போயிருந்தது. அவர் மகனுடைய காலிலும் அப்படித்தான். அது அந்தத் தண்ணீரால்தானா என்று எனக்குத் தெரியாது. அம்மையாரும் அப்படிச் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் அவர் எதையும் சொல்ல மாட்டார். ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தக் கால்வாய்த் தண்ணீர் பிடித்த பாட்டிலை மடியில் வைத்திருந்தார்.

அளந்து பார்க்கத்தான் அவர் தன் மிச்ச ஆயுளைச் செலவழித்தார். பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக ஏறினார். தனியாள் கொண்டுவரும் தண்ணீரில் அந்தச் சோதனையைச் செய்ய முடியாது, அலுவலகக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் தரவேண்டிய அலுவலகத்தில், உங்கள் எம்.பி.யே அவையில் நல்ல தண்ணீர் என்று சொல்லியிருக்கிறாரே, எந்த அடிப்படையில் சந்தேகப்படுவது என்று கேட்டார்கள். துறைக்கு எழுதினார். துறையும் எம்.பி.யின் பேச்சையே மேற்கோள் காட்டிப் பதில் அனுப்பியது. எம்.பி. பேசியது அம்மையாரின் தாளை வைத்து. சுற்றிச் சுற்றி அவர் எழுதிய முன்பக்கமே எல்லா வாசலிலும் அவரை மறித்துக்கொண்டு நின்றது.

ஒரே வழிதான் இருந்தது. எம்.பி. அவைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, என் பேச்சில் ஒரு பகுதி முழுமையானதல்ல என்று அவையில் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். அதைக் கேட்க அம்மையார் எங்கள் அலுவலகத்துக்கு எத்தனை முறை வந்தார் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறை, அந்தச் சுயமரியாதைக்காரர், கைகூப்பியே கேட்டுவிட்டார்.

"சார், நீங்க தப்பா பேசினீங்கன்னு யாரும் சொல்லல. தாள்ல பாதி உங்களுக்கு வந்து சேரல. அத மட்டும் சொல்லுங்க சார். அங்க புள்ளைங்க குளிக்குதுங்க."

எம்.பி. என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மை பாதி தெரியும். "எலெக்ஷன் வருது டாக்டரம்மா. நான் பேசினதை நானே தப்புன்னு சொன்னா எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் அடிச்சி ஒட்டிடுவான். கொஞ்சம் பொறுங்க," என்றார்.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால், சார் பின்பக்கத்தை எடுத்தது நான்தான், பழியை என்மேல் போட்டுவிட்டு நீங்கள் திருத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவருக்கும் தப்பிக்க வழி கிடைத்திருக்கும், ஊருக்கும் வழி பிறந்திருக்கும். இப்போது எத்தனையோ முறை கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று டீ வாங்கி வரச் சொல்லும் சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தேர்தலில் எம்.பி.க்கு இடம் கிடைக்கவில்லை. உறுப்பினராக இல்லாதவர் அவையில் எழுந்து நின்று எதையும் திருத்த முடியாது. அவர் பேச்சு அப்படியே அவைக் குறிப்பில் இருக்கிறது, இனியும் இருக்கும். செய்தி வந்த நாளில் அம்மையாரைப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அந்தப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் தெளிவாக இருந்தது.

"இனிமே யார்கிட்ட போறது ரத்தினம்? கதவுன்னு ஒண்ணு இருந்தா தட்டலாம்," என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அழுதபடியே அவர் சொன்னது என் காதை விட்டுப் போகவே இல்லை. "தப்பு என்னுதுதான்பா. முக்கியமானத பின்பக்கத்துல எழுதுவாங்களா? ஜெராக்ஸ் எடுக்குற பையனுக்குத் தெரியுமா, எந்தப் பக்கத்துல உசுரு இருக்குதுன்னு?"

அப்படி ஒரு பையனே இல்லை மேடம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்றேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்கு மாகறல் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஐம்பது பேருக்குமேல் வரவில்லை. அரசியல்வாதி என்று ஒருவர்கூட இல்லை. அந்தக் கால்வாய் ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். மண் போட்டு முடித்ததும் மல்லிகா என் பக்கத்தில் வந்தார்.

"எஸ்தரம்மாகூட வருவீங்களே, நீங்கதான? அவங்க அந்தத் தண்ணில கால் வெக்காதீங்கன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நாங்கதான் கேக்கல. இனிமே யாரு சார் எங்க தண்ணிய பாப்பாங்க?"

அதற்குப் பிறகு போய், புதிதாக வந்திருக்கும் எம்.பி.யின் உதவியாளரைப் பார்த்தேன். நல்ல பையன். துறையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் சார் என்றான். எனக்குச் சிரிப்பு வந்து அழுகையில் முடிந்தது.

அம்மையார் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த தாளைப் பால்ராஜ் என்னிடம் கொடுத்தார். நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு மனு. பாதியில் நின்றிருக்கிறது. அதை முடிக்க எனக்குப் படிப்பில்லை. ஆனால் அதனோடு இணைக்க என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. மடித்த மடிப்பில் கிழிந்துபோன அந்தப் பின்பக்கத்தை இத்தனை வருடமும் எறியவும் இல்லை, காட்டவும் இல்லை. அதையும் இந்தக் கட்டுரையையும், எடுத்தது நானே என்று கையெழுத்துப் போட்டு அந்தக் குழுவுக்கு அனுப்புகிறேன். யாராவது பிரித்துப் படிப்பார்களா என்று தெரியாது. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு பதில் வரலாம்.

அந்தத் தாளில் இருப்பது இதுதான்.

"தெரியாதவை.

ஒன்று: நிறம் போகிறது. நிறம் தந்த பொருள் போகிறதா என்று யாரும் அளக்கவில்லை. சாயம் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத வேறு பொருளாக ஆகலாம். அவற்றில் சில உடம்புக்குக் கெடுதலானவை.

இரண்டு: சோதித்துக் காட்டியவர்கள் விற்பவர்களே. வேறு யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

மூன்று: மண்டபத்தில் ஓடியது ஒரு வாளி. பட்டறையில் நாள் முழுக்க ஓடினால் என்ன ஆகும் என்று தெரியாது.

நான்கு: நிறம் இருக்கும்வரை மக்கள் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள். தெளிந்துவிட்டால் அதில் குளிப்பார்கள். அப்போது அவர்களை எச்சரிக்க என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி நான் எழுதுவது வழக்கமில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். இவை தெரியும்வரை இதை நல்ல தண்ணீர் என்று அவையில் சொல்லாதீர்கள்."

எஸ்தர் மேடம், ஜெராக்ஸில் எதுவும் விட்டுப்போகவில்லை. உங்கள் மேலும் தப்பில்லை. போய் வாருங்கள்.